லேசர் பண்ணப் போகிறீர்களா? ராமநாதபுரம் கரையோரத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டி என்று நம்ம கரையோரத்திலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி வந்து "முகத்துக்கு லேசர் பண்ணணும் சிஸ்டர்" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. நான் மதுரையில் ஒரு தோல் மருத்துவமனையின் லேசர் அறையில் நர்ஸ். சொந்த ஊர் தங்கச்சிமடம் பக்கம் என்பதால் ராமநாதபுரத்து ஆட்கள் வந்தால் பேச்சு கொஞ்சம் நீண்டுவிடும், அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். கிளம்பும் முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், உள்ளே போனதும் எதைக் கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் எதைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

ஒளி எதைத் தேடிப் போகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நிறமுள்ள ஒரு பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் ஒளியை நிறுத்திவிட்டால் அந்தப் பொருள் மட்டும் அழியும். 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள், அதன் பிறகுதான் முடி நீக்கும் லேசரும் பச்சை குத்தியதை அழிக்கும் லேசரும் ஒழுங்காக வந்தன. முடி விஷயத்தில் அந்தப் பொருள் மெலனின், முடிக்குக் கறுப்பு கொடுக்கிற நிறமி. சிக்கல் என்னவென்றால் நம்ம தோலுக்கு நிறம் கொடுப்பதும் அதே மெலனின்தான். எது முடி, எது தோல் என்று ஒளிக்குத் தெரியாது. உச்சிவெயிலில் கறுப்புச் சட்டை போட்டவருக்கு வெள்ளைச் சட்டைக்காரரை விட அதிகமாகச் சுடுகிற மாதிரி, நிறம் கூடிய தோல் அதிக ஒளியை இழுத்துக்கொண்டு வெந்துபோகும்.

1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர், வெயில் பட்டால் ஒருவருக்குத் தோல் சிவக்கிறதா கறுக்கிறதா என்பதை வைத்து ஒரு வகைப்பாடு கொண்டுவந்தார். இப்போது அதில் 6 வகை இருக்கிறது. நம்ம பக்கத்தில் பெரும்பாலானவர்கள் 4, 5. கடலுக்குப் போகிறவர்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்கிறவர்கள், கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் என்றால் வெயிலில் கறுத்து 5, 6 மாதிரியே தெரிவார்கள். டாக்டர் உங்களைப் பார்த்ததும் மனதுக்குள் போடும் முதல் கணக்கு இதுதான்.

அடுத்தது அலைநீளம், அதாவது அது எந்த வகை ஒளி என்று சொல்லும் எண், நானோமீட்டரில் அளப்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நான்கு எண்கள்தான். ரூபி லேசர் 694 நானோமீட்டர், அலெக்சாண்ட்ரைட் 755, டையோடு 800-லிருந்து 810 வரை, என்டி-யாக் 1064. எண் கூடக் கூட ஒளி ஆழமாகப் போகும், மேல்தோலின் மெலனினில் கம்மியாக மாட்டும். அதனால்தான் கறுத்த தோலில் முடி எடுக்க 1064 என்டி-யாக் பாதுகாப்பானது என்கிறார்கள். மாநிறத்துக்கு நல்ல குளிரூட்டல் உள்ள டையோடும் சரியாக வரும். ஐ.பி.எல். என்பது (கிரிக்கெட் இல்லை) லேசரே கிடையாது, 500-லிருந்து 1200 வரை பல அலைநீளங்கள் கலந்து வரும் பளிச்சொளி. வடிகட்டி போட்டுக் குறைப்பார்கள், என்றாலும் நம்ம நிறத்துக்கு அதில்தான் தீக்காயம் அதிகம் பார்க்கிறேன். செவ்வகம் செவ்வகமாக வரிசையாகப் பட்டை விழுந்திருக்கும், கருவியின் முனை எந்த அளவோ அதே அளவில். கால் முழுக்க அந்த மாதிரிப் பட்டைகளோடு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் எந்த மெஷின் என்று கேட்டேன். "பார்லர்ல லேசர்னுதான்க்கா சொன்னாங்க" என்றார். மெஷின் பெயரே அவருக்குத் தெரியாது.

முதலில் இது ஒளி வேலைதானா என்று பாருங்கள்

வருகிறவர்களில் பாதிப்பேருக்கு லேசரே தேவைப்படாது என்பது என் அனுபவம். மதுரைக்கு டிக்கெட் போடும் முன் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது.

கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். சர்க்கரை பாருங்கள், எடை பாருங்கள். அதைக் கவனிக்காமல் எத்தனை தடவை ஒளி அடித்தாலும் கறுப்பு திரும்பி வரும். முதுகிலும் நெஞ்சிலும் வெளிர் வெளிராகத் திட்டு இருந்தால் பெரும்பாலும் தேமல். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது சகஜம், பூஞ்சைக்கான மருந்தில் போய்விடும். அதே வெளிர் திட்டு தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம், மாத்திரை இலவசம், சீக்கிரம் ஆரம்பித்தால் முழுதாகக் குணமாகும்.

வெண்புள்ளி இருப்பவர்களுக்கு ஒளி உண்மையிலேயே மருந்து. ஆனால் அது வேறு ஒளி, 311 நானோமீட்டர் புறஊதா. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில், டாக்டர் மேற்பார்வையில் நிற்க வேண்டும். அழகு நிலையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி அழகு சமாச்சாரம். முடி எடுப்பதில் ஒளி நன்றாகவே வேலை செய்கிறது, என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு அதிகம் பலன் தருவது இதுதான். ஆனால் 'நிரந்தரமாகப் போய்விடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியே 'நிரந்தரமாகக் குறைக்கும்' என்றுதான், 'நிரந்தரமாக நீக்கும்' என்று இல்லை. வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடி மட்டும்தான் அடிபடும். அதனால் முகத்துக்கு 4-லிருந்து 6 வாரம், உடம்புக்கு 6-லிருந்து 8 வாரம் இடைவெளி விட்டு, 6-லிருந்து 8 தடவையாவது வரவேண்டும், அப்புறம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. நரைத்த முடியில் மெலனின் இல்லை, அது அசையாது. தாடையில் முரட்டு முடியும் மாதவிடாய்க் கோளாறும் சேர்ந்திருந்தால் முதலில் சினைப்பை நீர்க்கட்டிக்குப் பாருங்கள், ஹார்மோன் சரியாகாமல் லேசர் பண்ணினால் புதுமுடி வந்துகொண்டே இருக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கன்னம், கழுத்துப் பக்கம் இருக்கும் மெல்லிய பூனைமுடிக்கு லேசர் அடித்தால் சிலருக்கு அது தடித்துக் கறுத்து அதிகமாகிவிடும். நம்ம நிறத்துக்காரப் பெண்களிடம் இது கூடுதலாகவே பார்க்கப்படுகிறது, பூனைமுடியை அப்படியே விட்டுவிடுங்கள்.

பச்சை குத்தியதை அழிப்பதும் நடக்கும், ஆனால் மெதுவாக. ராணுவம், கடற்படை, போலீஸ் என்று ஆள் எடுப்புக்குத் தயாராகும் நம்ம ஊர்ப் பையன்கள்தான் இதற்கு அதிகம் வருகிறார்கள். ராணுவத்தில் முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர மற்ற இடங்களில் நிரந்தரப் பச்சை இருந்தால் சிக்கல், அதனால் அறிவிப்பை ஒழுங்காகப் படித்துவிட்டு எந்தப் பச்சையை அழிக்க வேண்டும் என்று முடிவு பண்ணுங்கள். கறுப்பு மை 1064-இல் நன்றாகக் கரையும். பச்சை நிற, நீல நிற மை பிடிவாதம் பிடிக்கும். வெள்ளை, தோல்நிற மை சில நேரம் லேசர் பட்டதும் கறுத்தே போகும். ஒவ்வொரு தடவைக்கும் குறைந்தது 6 வாரம் இடைவெளி வேண்டும், ஆகவே உடல்தகுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடி வந்து பயனில்லை. ஒரு வருஷம் முன்னாடியே வாங்க தம்பி.

பருத்தழும்புக்கு ஃப்ராக்ஷனல் லேசர் (முழு இடத்திலும் படாமல் புள்ளி புள்ளியாக அடிப்பது) உண்டு. குழிகள் ஓரளவு நிரம்பும், மொத்தமாக மறையாது. நம்ம தோலில் சில மாதம் கறுப்புத் தடம் நிற்கக்கூடும்.

மங்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கன்னத்திலும் மூக்கிலும் நெற்றியிலும் படரும் மங்குக்கு லேசர் என்பது கடைசிக் கதவு, முதல் கதவு இல்லை. சூடு பட்டாலே மங்கு கோபித்துக்கொள்ளும். ஒளி அடித்ததும் இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும், பிறகு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும். டாக்டர் எழுதிக் கொடுக்கும் கிரீமும் தினசரி சன்ஸ்கிரீனும்தான் முதல் வேலை. அதுவும் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனாக இருந்தால் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டும். மெடிக்கலில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது என்று வாங்கும் வெள்ளையாக்கும் கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரிகிற நிலைக்குப் போய்விடும். டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018-இல் அரசே உத்தரவு போட்டது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட முகத்தில் லேசர் படவே கூடாது, முதலில் தோல் தேறவேண்டும்.

'வெள்ளையாக்கும் லேசர்' என்று ஒன்று விளம்பரம் பண்ணுகிறார்கள். குறைந்த சக்தியில் திரும்பத் திரும்ப அடிப்பது. அதிகமாகப் போனால் தோலில் அரிசி தூவிய மாதிரி வெண்மையாகப் பொட்டுப்பொட்டாக நிறம் போய்விடும், திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. கல்யாணத்துக்கு முன் கலர் வேண்டும் என்று கேட்டு வரும் பெண்ணின் அம்மாவிடம் இதைத்தான் சொல்வேன். அவர் முகம் சுருங்கும், பரவாயில்லை.

எப்போது ஆரம்பிப்பது

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம், நமக்கு இதுதான் பெரிய விஷயம். வெயிலில் கறுத்த தோலில் லேசர் அடிக்கக் கூடாது. புதிதாகக் கறுத்த மேல்தோலில் மெலனின் நிறைந்து கிடக்கும், ஒளி முடிவரை போகாமல் மேலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் ஒளி படப்போகும் இடம் அதற்கு முன் 3, 4 வாரமாவது வெயில் படாமல் இருக்க வேண்டும்.

விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லை, அப்போது வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஓய்வு அப்போதுதான், வெயிலும் அப்போதுதான். பாம்பனிலிருந்து ஒரு தம்பி மே மாதத்தில் வந்தார், சட்டையைக் கழற்றினால் கழுத்திலும் கையிலும் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறம். சட்டைக்குள் இருந்த தோல் நான்காம் வகை மாதிரி, வெளியே இருந்த தோல் ஆறாம் வகை மாதிரி. ஒரே ஆளுக்கு இரண்டு அளவு வைத்துத்தான் அடிக்க முடியும், டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிப்பது நல்லது. வானம் மூடியிருக்கும், தை வரை தாங்கும். அக்குள் மாதிரி எப்போதும் மூடியிருக்கும் இடத்துக்கு மட்டும் மாதம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் பாசி எடுக்கவோ கருவாடு காயப்போடவோ உப்பு அள்ளவோ வெயிலில் நின்றே ஆகவேண்டும் என்றால் முகக் கறுப்புக்கு லேசர் பண்ணுவது வீண்செலவு. மணல் மேலே விழும் புறஊதாவில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதாவது தொப்பி போட்டாலும் கீழேயிருந்து வரும். அந்தக் காசில் நல்ல சன்ஸ்கிரீனும் அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் என்றால் கடைசித் தடவை குறைந்தது ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழக்கரை வீடுகளில் மருதாணி இல்லாமல் கல்யாணம் இல்லை. மருதாணி இருக்கும் கையில் லேசர் அடித்தால் அந்த நிறமே ஒளியை இழுத்துச் சுடும், அது முழுதாக மங்கிய பிறகுதான் வரவேண்டும்.

எங்கே, யாரிடம்

பலகையில் 'ஸ்கின்', 'காஸ்மெட்டிக்', 'லேசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு எம்.டி. டி.வி.எல்., அல்லது டி.டி.வி.எல்., அல்லது தோல் துறையில் டி.என்.பி. இருக்கும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவெண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். கிளினிக்குக்கும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும், வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று கண்ணை ஓட்டுங்கள்.

பல இடங்களில் டாக்டர் முதல் நாள் பார்ப்பார், அப்புறம் டெக்னீஷியன்தான் அடிப்பார். அதில் தப்பில்லை, டாக்டர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. உட்கார்ந்ததும் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: மெஷின் பெயர் என்ன, அலைநீளம் எவ்வளவு, என் தோல் எந்த வகை, குளிரூட்டல் எப்படி, சோதனைப் புள்ளி (ஓரமாகச் சின்ன இடத்தில் மட்டும் அடித்துப் பார்ப்பது) போடுவீர்களா, கொப்புளம் வந்தால் யாருக்குப் போன் செய்வது. நல்ல இடத்தில் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்று வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எட்டுத் தடவைக்கும் சேர்த்து இன்றைக்கே கட்டினால் பாதி விலை என்பார்கள். முதல் இரண்டு தடவைக்கு மட்டும் கட்டுங்கள். தோல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியாமல் மொத்தமாகக் கட்டிவிட்டால், காயம் பட்டாலும் காசு போய்விடுமே என்று திரும்பத் திரும்பப் போய்ப் படுப்பீர்கள்.

போவதற்கு முன்

நான்கு வாரத்துக்கு வேக்சிங், த்ரெட்டிங், பிடுங்குவது எதுவும் கூடாது, வேரோடு முடி போய்விட்டால் ஒளிக்கு இலக்கே இல்லை. முதல் நாள் இரவோ அன்று காலையோ ரேசரால் சிரைத்துவிட்டு வாருங்கள். சிரைத்தால் தடித்து வளரும் என்பது கட்டுக்கதை.

சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்கு நொய்வாக்கும். பருவுக்கான இன்னொரு மருந்து ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறவர்கள், தழும்பு மேடாகத் தடிக்கும் கீலாய்டு உடம்புக்காரர்கள், உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருகிறவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் முன்னாடியே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். 'இது நாட்டு மருந்துதானே' என்று யாரும் சொல்லாமல் விடுவது கார்போகரிசி. நலங்கு மாவில் அரைத்துச் சேர்ப்போமே, அதேதான். அதில் இருக்கும் சோரலன் என்ற பொருள் தோலை ஒளிக்குக் கூசவைக்கும், வெண்புள்ளிக்கு அதை மருந்தாகப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். லேசர் நாட்களில் நலங்கு மாவு வேண்டாம். முகத்தில் எலுமிச்சை தேய்ப்பதும் வேண்டாம், அதுவும் வெயிலோடு சேர்ந்து கறுப்பைத்தான் தரும். மஞ்சள், குங்குமம், சந்தனம், பவுடர், அத்தர் எல்லாவற்றையும் கழுவிவிட்டு வாருங்கள்.

மரத்துப்போகும் கிரீமைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டிலேயே கால் முழுக்கத் தடவி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறும். அமெரிக்காவில் அப்படித் தடவிக்கொண்டு லேசருக்குக் கிளம்பிய இரண்டு இளம்பெண்கள் மருந்து ரத்தத்தில் கலந்து இறந்துபோனார்கள், 2007-இல் எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. சின்ன இடத்துக்கு, கிளினிக்கில் வைத்து, அவர்கள் தடவினால் மட்டும் போதும்.

அறைக்குள்

முதல் நாளே முழு முகம் அடிக்க விடாதீர்கள். காதுக்குக் கீழே ஓரமாக இரண்டு மூன்று இடத்தில் சோதனைப் புள்ளி போடச் சொல்லுங்கள். தீக்காயம் இரண்டு நாளில் தெரிந்துவிடும், கறுப்புத் தடம் தெரிய நம்ம தோலில் இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். தூரத்திலிருந்து வருகிறீர்கள், இதற்காக ஒரு தடவை கூடுதலாக பஸ் ஏற வேண்டும் என்று சலிப்பு வரும். ஏறுங்கள்.

கண்ணாடி போடாமல் மெஷினை ஆன் பண்ணவே கூடாது. உங்களுக்குக் கண்ணை முழுதாக மூடும் கவசம், அடிப்பவருக்கு அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி. வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிப்பவரைப் பார்த்தால் எழுந்துவிடுங்கள். இமைப்பக்கம், புருவத்துக்குக் கீழே ஒளி அடிக்கச் சம்மதிக்க வேண்டாம், கருவிழியின் நிறமும் மெலனின்தான். கூட வந்த அத்தை, மாமி, கைக்குழந்தை எல்லோரும் வெளியே. எங்கள் அறையில் இதற்குத்தான் தினமும் சண்டை.

ஜில்லென்ற ஜெல் தடவுவார்கள், முனையைத் தோலில் அழுத்தி வைத்ததும் ஐஸ் மாதிரி இருக்கும், பிறகு சுள்ளென்று ஒரு குத்தல். முடி கருகும் வாடை வரும், அது சகஜம். நான் அப்போது முகத்தைப் பார்ப்பதில்லை, தோலைத்தான் பார்ப்பேன். சரியான அளவில் பட்டிருந்தால் சில நிமிடத்தில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் கடுகளவு சிவந்து தடிக்கும், நடுவில் இருக்கும் தோல் பழைய நிறத்திலேயே இருக்கும். நடுத்தோலும் சாம்பல் பூத்தாலோ, வெளுத்தாலோ, அடித்த இடம் அப்படியே கட்டம் கட்டித் தெரிந்தாலோ சூடு அதிகம், உடனே நிறுத்த வேண்டும். வலிதான் உங்கள் கையில் இருக்கும் மீட்டர். அழகு வேண்டுமென்றால் பொறுக்கணும் என்று பல்லைக் கடிக்காதீர்கள், தாங்கமுடியாமல் சுட்டால் 'நிறுத்துங்க' என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

மச்சத்தின் மேலே அடிக்கக் கூடாது. மச்சம் சமீபத்தில் வளர்ந்திருந்தால், ஓரம் கோணலாகியிருந்தால், ரத்தம் கசிந்தால், அதை முதலில் டாக்டர் பார்க்கட்டும். ஒவ்வொரு தடவையும் என்ன அளவு வைத்தார்கள் என்பதை உங்கள் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், பின்னால் வேறு இடத்துக்கு மாறினால் உதவும்.

வீட்டுக்கு வந்ததும்

பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம். அன்றும் மறுநாளும் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம், சாதாரண மாய்ஸ்சரைசர், டாக்டர் கிரீம் கொடுத்திருந்தால் அது. சிவப்பு ஓரிரு நாளில் அடங்கும். வெந்நீர், எண்ணெய்க் குளியல், ஸ்க்ரப், மஞ்சள், ஜிம் எல்லாம் இரண்டு நாள் தள்ளிவையுங்கள். தோட்டத்துச் சோற்றுக்கற்றாழையை வெட்டித் தடவுகிறார்கள், அதில் வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிக்கும், வேண்டாம். கடலில் இறங்காதீர்கள். அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்திலும் உள்ளே 22 தீர்த்தத்திலும் நனையும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் லேசருக்கு நாள் குறியுங்கள்.

ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கருகிய முடி மேலே தள்ளிக்கொண்டு வரும். 'திரும்ப வளருது, ஏமாத்திட்டாங்க' என்று போன் வருவது அப்போதுதான். அது வளர்ச்சி இல்லை, உதிர்வு. பிடுங்காமல் விடுங்கள், தானாக விழும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், புறஊதா இரண்டு வகையையும் (யு.வி.ஏ., யு.வி.பி.) தடுப்பது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கவேண்டும், எல்லோரும் பட்டாணி அளவுதான் போடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள், வியர்த்தால் அதற்கு முன்பே. குடையும் பிடியுங்கள், ஆம்பளைங்களும்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மச்சான் வாங்கிவந்த வீட்டு ஐ.பி.எல். மெஷினைப் பற்றி எல்லா லாத்தாமார்களும் (நம்ம பக்கத்து முஸ்லிம் அக்காமார்) கேட்கிறார்கள். பெட்டியின் பக்கவாட்டிலேயே தோல் நிற அட்டவணை அச்சடித்திருக்கும், கடைசிக் கட்டங்களில் பெருக்கல் குறி போட்டிருக்கும். உங்கள் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருக்கல் குறியில் வந்தால் அந்த மெஷின் உங்களுக்கு இல்லை. தோலின் நிறத்தைப் பார்க்கும் சென்சார் இருப்பதால் கறுத்த தோலில் வைத்தால் ஒளியே விடாது. மெஷின் ரிப்பேர் என்று நினைத்து சென்சாரில் டேப் ஒட்டி அடித்துப் பார்த்ததாகக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். உங்களைக் காப்பாற்றத்தான் அது நின்றிருக்கிறது. நிறம் பொருந்தினாலும் சக்தி குறைவு, பலனும் குறைவு, விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்.இ.டி. முகமூடி சூட்டால் வேலை செய்வதில்லை, சுடும் பயம் குறைவு. 415 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும் நீல ஒளி பருக் கிருமியை ஓரளவு அடக்கும், 630 பக்கத்துச் சிவப்பு வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். லேசான பருவுக்குக் கூடமாட உதவும், தழும்புக்கும் மங்குக்கும் ஒன்றும் ஆகாது. நீல ஒளி நம்ம தோலைக் கறுக்க வைக்கவும்கூடும். 2019-இல் ஒரு பெரிய நிறுவனம் கண் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தன் பரு முகமூடியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, அதற்கு மேல் கவசமும் போட்டுக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

ஏதாவது ஆகிவிட்டால்

கொப்புளம் வந்தால் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள், ஐஸ்கட்டியை நேராக வைக்க வேண்டாம். உடைக்காதீர்கள். பற்பசை, இங்க், மஞ்சள்தூள் எதுவும் போடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், அடித்த இடத்துக்காரர்கள் போன் எடுக்கவில்லையென்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கண் வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ பார்வை மங்கினாலோ காலைவரை காத்திருக்காமல் கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆறியபின் நிற்கும் கறுப்புத் தடம் பெரும்பாலும் சில மாதத்தில் மங்கும், அதை எடுக்கிறேன் என்று இன்னொரு லேசர் அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காயத்தைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பில், சம்மதப் படிவத்தின் நகல், மெஷின் பெயர் எழுதிய சீட்டு எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும், பில் தராத இடத்தில் ஜிபே ரசீதாவது இருக்கும். பதிவில்லாத இடமாக இருந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பணம், நஷ்டஈடு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேளுங்கள், பிறகு ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், வெளியே தெரிந்தால் பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று ஒளித்து வைத்தே அந்த இரண்டு வருஷத்தைக் கடத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.